மருந்து போட்டது யார்

ரௌண்டப், மொண்டானா
13 செப்டம்பர் 1994

ஹார்லன்,

இதை நீ உட்கார்ந்து படி. சனிக்கிழமை ரஸ்ஸலின் துப்பாக்கி அவன் முகத்துக்கு நேரே வெடித்துவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை. பில்லிங்ஸ் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். வலது கண்ணை என்ன செய்வது என்று வியாழக்கிழமை சொல்கிறார்களாம். இடது கையில் சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் இல்லை.

சரளைக் குழியில், வழக்கமாக நாங்கள் சுடும் இடத்தில்தான். மான் வேட்டைப் பருவத்துக்கு முன்னால் குறி சரிபார்க்கப் போனோம். ஜூலையில் நீ இங்கே வந்திருந்தபோது எங்கள் கராஜில் நாமே கையால் செய்த தோட்டாக்கள், அந்த ஐம்பதில் எங்கள் பங்கு இருபத்தைந்து. ஏழு குண்டு ஒழுங்காகப் போயிற்று. எட்டாவதில் சத்தமே வேறு மாதிரி இருந்தது. நான் தொலைநோக்கியில் இலக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் அவன் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறான். "மார்லிஸ், என் தொப்பி எங்க?" என்று கேட்டான். தொப்பி அவன் தலையில்தான் இருந்தது.

எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். அந்த பிரைமர், தோட்டாவின் அடியில் வெடிமருந்தைப் பற்றவைக்கிற பொட்டு. சாதாரண பிரைமர் இந்த வருஷம் எந்தக் கடையிலும் இல்லை, வாஸ்தவம். அதற்காகக் கடையை மூடுகிறவனிடம் போய், பெயர் தெரியாத கம்பெனியின் மேக்னம் பிரைமரை, அடிமட்ட விலை என்று ஐயாயிரம் அள்ளிக்கொண்டு வந்தாய். பெரிய வேட்டைத் தோட்டாவுக்குச் செய்த பொட்டு அது, அதன் பொறி பெரிது, நாம் வார்க்கிற ஈயக் குண்டுக்குக் கொஞ்சம் மருந்தும் சின்னப் பொறியும் போதும் என்று அன்றைக்கே சொன்னேன். "அக்கா, நீ பயந்து பயந்தே கிழவியாகப் போற" என்று சிரித்தாய்.

இப்போது சிரி.

மார்லிஸ்

~

மேல் சுரங்க முகாம், சால்மன் ஆறு, ஐடஹோ
21 செப்டம்பர் 1994, புதன்

அக்கா,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. மெர்ல் விமானத்தை அணைக்காமல் நிற்கிறான், பத்து நிமிஷம் தருகிறேன் என்கிறான். வாரத்துக்கு ஒரு தபால் விமானம், அதை விட்டால் இங்கே நானும் அணில்களும்தான். ரேடியோப் பெட்டி ஜூலையிலேயே செத்துவிட்டது. சுரங்கத்தையே மூடிவிட்ட முதலாளி காவல்காரனுக்குப் புது ரேடியோவா வாங்கித் தருவான்.

ரஸ்ஸல் மச்சானை நினைத்தால் எழுத ஓடவில்லை. இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்துவிட்டேன். அவனிடம் சொல், நான்... என்ன சொல்ல என்று தெரியவில்லை. நீயே ஏதாவது சொல்.

ஆனால் அந்த பிரைமர் மேல் நீ பழி போடுவதை என்னால் விழுங்க முடியவில்லை. முப்பது வருஷமாக ஈயம் உருக்குகிறேன். மேக்னம் பிரைமர் போட்டால் அழுத்தம் கொஞ்சம் ஏறும், குண்டு இலக்கில் சிதறும், அதனால்தான் மருந்தைக் குறைத்து, ஐந்து ஐந்தாகச் சுட்டுப் பார்த்து ஏற்றினோம். தீக்குச்சி நீளமாக இருந்தால் அடுப்பு வெடிக்காது. ஒரு எஃகுத் துப்பாக்கியைக் கிழிக்க வேறு ஏதாவது வேண்டும். குழலில் மண் இருந்ததா? ரஸ்ஸல் வேறு பெட்டித் தோட்டாவைக் கலந்துவிட்டானா? அவன் கண்ணாடி போட்டிருந்தானா?

அன்று கராஜில் யார் எந்த வேலை செய்தோம் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை.

அதே ஐம்பதில் என் பங்கு இருபத்தைந்து அப்படியே இருக்கிறது. வரும் ஞாயிறு முதல் வாரம் ஐந்து சுடப் போகிறேன், மண்மேட்டுக்கு முன்னால் காகிதம் வைத்து. அந்தக் காகிதங்களை உனக்கு அனுப்புகிறேன். துப்பாக்கியும் நானும் முழுசாக இருந்தால் பிரைமர் குற்றவாளி இல்லை.

மெர்ல் கத்துகிறான்.

ஹார்லன்

~

ரௌண்டப்
27 செப்டம்பர் 1994

ஹார்லன்,

கண்ணை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்துவிட்டான். காபி ஊற்றினால் கோப்பைக்கு வெளியே ஊற்றுகிறான், பிறகு துணியை எடுத்துத் தானே துடைக்கிறான், என்னைத் தொடவிடுவதில்லை. உன் கடிதத்தை அவன் மேஜையில் கண்டு தானே படித்தான், ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு. "கண்ணாடி போட்டிருந்தேனான்னு கேக்கறான் உன் தம்பி" என்றான். "போட்டிருந்தேன்னு எழுது. கண்ணாடியோட சில்லைத்தான் டாக்டர் அரை மணி நேரம் பொறுக்கினார்னு எழுது."

எழுதிவிட்டேன்.

குழல் சுத்தமாக இருந்தது. காலையில் நான்தான் துணி விட்டு இழுத்தேன். பெட்டி ஒன்றுதான். உனக்கு அடிபட்டவனைவிட அடிமட்ட விலையில் வாங்கின பொட்டுத்தான் பெரிது. ஒரு தப்பை ஒப்புக்கொள்வதற்குப் பதில் மண்மேட்டின் முன்னால் நின்று நிரூபிக்கப் போகிறாய். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான் நீ.

சுட்டுப் பார். தாராளமாகச் சுட்டுப் பார். உன் முகத்திலும் ஒன்று வெடித்தால் அப்போது புரியும்.

மார்லிஸ்

~

சால்மன் ஆறு
5 அக்டோபர் 1994

மார்லிஸ்,

இதோடு சுட்ட காகிதம் இரண்டு வைத்திருக்கிறேன். செப்டம்பர் 25 ஐந்து, அக்டோபர் 2 ஐந்து. எண்ணிக்கொள். ஐந்தும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறியிருக்கின்றன. அந்த பிரைமரின் குற்றம் அவ்வளவுதான், குறி தவறும். சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடுகள் சுலபமாகக் கழன்றன, அழுத்தம் மீறவில்லை. பதினைந்து பாக்கி.

கடைசி வரியை நீ எந்தக் கோபத்தில் எழுதினாயோ. நான் அதை நாலு தடவை படித்தேன். ஐந்தாவது தடவை படிக்க விருப்பமில்லை. இனி உன் கடிதம் வந்தால் பிரிக்காமல் மெர்லிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன். பதினைந்தும் முடிந்த பிறகு நானே எழுதுகிறேன்.

ரஸ்ஸலின் கண்ணாடியைப் பற்றிக் கேட்டிருக்கக் கூடாது. அதற்கு மட்டும் மன்னிப்பு.

ஹா.

~

(உறையின் மேல், சிவப்புப் பேனாவில்)

மெர்ல், அவன் இதைத் திருப்பிக் கொடுத்தால் வாங்காதே. நீயே பிரித்து அவன் காதில் கத்திப் படி. ஹார்லன், அந்தத் தோட்டாக்களைச் சுடாதே.

ரௌண்டப்
11 அக்டோபர் 1994, செவ்வாய்

ஹார்லன்,

சுடாதே. முதலில் அதை மனசில் வாங்கிக்கொண்டு மிச்சத்தைப் படி.

நேற்று மதியம் ரஸ்ஸல் கராஜுக்குள் போனான். விபத்துக்குப் பிறகு முதல் தடவை. எட்டுப் போக மிச்சம் பதினேழு தோட்டா அந்த பிளாஸ்டிக் பெட்டியில் இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துக் காதோரம் ஆட்டிக்கொண்டிருந்தான். "என்ன பண்ற?" என்றேன். "கண்ணு ஒண்ணுதான் போச்சு, காது ரெண்டும் இருக்கு" என்றான். நம் தோட்டாவில் மருந்து கூட்டுக்குள் பாதிகூட நிற்காதே, ஆட்டினால் சரசரவென்று கேட்கும். திடீரென்று ஒன்றை என்னிடம் நீட்டினான். "இது ஊமை." இன்னும் நாலு தள்ளி இன்னொன்று. "இதுவும்."

குண்டைப் பிரிக்கும் சுத்தியலை எடுத்துப் பதினேழையும் தட்டிப் பிரித்தேன். பதினைந்தில் மருந்து சரியான எடை. அந்த இரண்டில் ஒரு துளி மருந்து இல்லை. பிரைமர் மட்டும் உட்கார்ந்திருக்கிறது.

இரண்டு கூட்டில் மருந்து இல்லையென்றால் அந்த இரண்டு கூட்டுக்கான மருந்து எங்கே போயிற்று? வேறு இரண்டு கூட்டில் இரட்டையாகப் போயிருக்கிறது. ஒன்று ரஸ்ஸலின் எட்டாவது தோட்டா. இன்னொன்று என் பெட்டியில் இல்லை. எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துவிட்டேன். அது உன்னிடம் இருக்கிறது, ஹார்லன். நீ அனுப்பிய காகிதங்களின்படி முதல் பத்தில் அது இல்லை. போன ஞாயிறும் ஐந்து சுட்டு நீ முழுசாக இருந்தால், உன்னிடம் பத்துதான் மிச்சம். அந்தப் பத்தில் ஒன்று.

இப்போது நான் எழுத வேண்டியதை எழுதுகிறேன். மருந்து அளந்து போட்டது நான். ஐம்பது குழிப் பலகையில் கூடுகளை நிறுத்தி, மருந்து அளக்கும் கருவியின் கைப்பிடியை, கூட்டுக்கு ஒரு இழுப்பாக எண்ணிக்கொண்டு வந்தேன். நடுவில் தேவாலயத்திலிருந்து ஹில்டா போன் செய்தாள், விருந்துக்கு எத்தனை ஆப்பிள் பை சுட்டுத் தருவாய் என்று. ஐந்து நிமிஷம் பேசினேன். திரும்பி வந்து விட்ட இடம் என்று நினைத்த இடத்தில் தொடங்கினேன். இரண்டு கூடு பின்னால் தொடங்கியிருக்கிறேன். ஐம்பது இழுப்பு முடிந்ததும் முடிந்துவிட்டது என்று நிறுத்தினேன். கடைசி இரண்டு கூடு வெறுமையாகவே நின்றிருக்கிறது. நான் பார்க்கவில்லை. எண்ணினேன், பார்க்கவில்லை.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. அந்த ஊமைத் தோட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு ரஸ்ஸல் கேட்டான், "அன்னைக்கு மருந்து போட்டது யாரு?" நான் "ஹார்லன்" என்றேன். யோசிக்கவேயில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது.

மெர்லின் கம்பெனிக்குப் போன் செய்தேன். நாளை பறந்தால் இதைச் சொல்லிவிடுவதாகச் சரக்குப் பட்டியலின் முதுகில் எழுதிக்கொண்டான். "ஆனா மேகம் மலை இடுப்பு வரைக்கும் இறங்கிக் கிடக்கு, அம்மா. பறப்பேன்னு சத்தியம் பண்ண மாட்டேன்" என்கிறான்.

முந்தைய கடிதத்தின் கடைசி வரியை நான் எழுதவில்லை என்று வைத்துக்கொள்.

மார்லிஸ்

~

(காபி டப்பாவுக்குள், ஆரஞ்சுத் துணி கட்டியது)

சால்மன் விமான நிலையம்
16 அக்டோபர், ஞாயிறு காலை

ஹார்லன்,

புதன்கிழமை விமானம் போகவில்லை. வியாழனும் போகவில்லை. நான் வண்டியை எடுத்துக்கொண்டு இங்கே வந்து மூன்று நாளாக இந்தத் தகரக் கொட்டகையில் மேகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மெர்ல் இறங்க முடியாது, பள்ளத்தாக்கில் ஒரு இடைவெளி கிடைத்தால் தாழ்வாகக் கடக்கலாம் என்கிறான். நானும் ஏறுகிறேன்.

ஜூலைத் தோட்டாவைச் சுடாதே. ஒன்றில் மருந்து இரட்டை. பிரைமர் இல்லை, நான்தான்.

கையில் ஏதாவது இருந்தால் கீழே வை.

அக்கா

~

சால்மன் ஆறு
19 அக்டோபர் 1994, புதன்

அக்கா,

வானம் திறந்துவிட்டது. மெர்ல் இறங்கியதும் உன் பெரிய கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு, "நீ பிரிக்கலேன்னா நான் படிக்கணும்னு உத்தரவு" என்று முறைத்துக்கொண்டு நின்றான். அவன் முன்னாலேயே பிரித்தேன்.

ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன். பத்து மணி இருக்கும், பனி பொடியாகத் தூவிக்கொண்டிருந்தது. பெட்டியிலிருந்து ஐந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மண்மேட்டுக்குப் போனேன். மூன்று சுட்டேன். நாலாவதற்குப் பையில் கை விட்டேன், விமானச் சத்தம். ஞாயிற்றுக்கிழமை எவன் வருவான்? பள்ளத்தாக்கை ஒட்டி, பைன் மரத் தலைகளைத் தொட்டுக்கொண்டு மெர்லின் விமானம் என் மேலே போகிறது. குடித்துவிட்டான் என்று நினைத்தேன். இரண்டாவது சுற்றில் ஜன்னல் வழியே ஒரு கை நீண்டது. அந்தப் பச்சைக் கோட்டுக் கையை எனக்குத் தெரியும். டப்பா விறகுக் குவியலில் விழுந்து உருண்டு சுரங்கத்துச் சாக்கடைக்குப் போயிற்று. முழங்கால் வரை இறங்கி எடுத்தேன்.

படித்துவிட்டு ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன். கால் மரத்துப்போன பிறகுதான் தண்ணீரில் நிற்கிறேன் என்று தெரிந்தது.

பையில் இரண்டு, பெட்டியில் ஐந்து, மொத்தம் ஏழு. அடுப்படி மேஜையில் வெள்ளைக் காகிதம் விரித்து ஒவ்வொன்றாகப் பிரித்துத் தராசில் கொட்டினேன். ஆறு சரி. ஒன்று இரட்டை. அந்த இரட்டை பையில் இருந்ததா பெட்டியில் இருந்ததா என்று நீ கேட்பாய். சொல்ல மாட்டேன். நேரில் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

மருந்து போட்டது நீ என்று முதல் கடிதத்திலேயே எனக்குத் தெரியும். அதனால்தான் பிரைமர் இல்லை பிரைமர் இல்லை என்று கத்திக்கொண்டே, வேறு என்ன என்று மட்டும் எழுதவில்லை. குழலில் மண்ணா, கண்ணாடி போட்டானா என்று ரஸ்ஸல் பக்கம் தள்ளிவிட்டேன். ஆனால் நீ எழுதாத ஒன்று இருக்கிறது. குண்டை உட்கார வைக்கும் முன்னால் டார்ச் அடித்து ஐம்பது கூட்டுக்குள்ளும் பார்ப்பது என் வேலை. எப்போதும் பார்ப்பேன். அன்று நீ அந்த பிரைமரைப் பற்றி என்னைக் கேலி செய்துகொண்டே இருந்தாய். எனக்கு எரிச்சல். சீக்கிரம் முடித்துவிட்டுப் போவோம் என்று டார்ச்சை எடுக்கவே இல்லை. ஒரு இரட்டைக் கூடு பாதிக்கு மேல் நிரம்பி நிற்கும், குருடனுக்கும் தெரியும். அந்தச் சொல்லை எழுதியிருக்கக் கூடாது. அடித்தால் காகிதம் கிழியும், விட்டுவிடுகிறேன்.

ஒரு யோசனை. ரஸ்ஸலிடம் ஒன்றும் மாற்றிச் சொல்லாதே. ஹார்லன்தான் மருந்து போட்டான், கண்ட பிரைமரை வாங்கியதும் அவன்தான் என்றே இருக்கட்டும். மேக்னம் பிரைமரால் வெடித்தது என்றால் ஊரில் பாதிப்பேர் நம்புவார்கள். நான் இந்தக் காட்டில் இருக்கிறேன், என்னை வெறுப்பது யாருக்கும் சிரமமில்லை. நீ அவனோடு ஒரே மேஜையில் சாப்பிட வேண்டியவள்.

ஹார்லன்

~

ரௌண்டப்
31 அக்டோபர் 1994

ஹார்லன்,

உன் கடிதம் வந்து ஒரு முழு நாள் அதை மாவு டப்பாவில் வைத்திருந்தேன். நீ சொன்னபடி செய்துவிடலாம் என்றுதான் இருந்தேன். பொய் சொல்கிறேன் என்று நினைக்காதே, நிஜமாகவே இருந்தேன். சனிக்கிழமை காலை ரஸ்ஸல் முட்டை வறுத்துக்கொண்டிருந்தான், தட்டு எங்கே இருக்கிறது என்று கையால் தடவிப் பார்த்துப் பிறகு கவிழ்த்தான். எல்லாவற்றையும் இப்போது அப்படித்தான் செய்கிறான், முதலில் தொட்டுப் பார்த்து. நான் கடிதத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். "மருந்து போட்டது நான்" என்றேன். "உன்கிட்ட ஹார்லன்னு சொன்னது பொய்."

அவன் உன் கடிதம் முழுவதையும் படித்தான். ஒற்றைக் கண்ணுக்கு எழுத்து நழுவுகிறது, வரிக்கு வரி விரலை வைத்துக்கொண்டு. அடுப்பில் அடுத்த முட்டை கருகியது. நான் அணைக்கவில்லை, அவனும் அணைக்கவில்லை.

முடித்ததும் கடிதத்தை மடித்தான், இருந்த மடிப்பிலேயே. "நல்லா இருக்கு" என்றான். "அவன் உன்னக் காப்பாத்தறான். நீ அவனக் காப்பாத்த பிளேன்ல போற. அக்காவும் தம்பியும் ஒருத்தர ஒருத்தர் நல்லாப் பாத்துக்கறீங்க. கண்ணு போனது எனக்கு."

நான் எழுந்து அடுப்பை அணைத்தேன்.

"அந்தப் பொட்டுதான் காரணம்னு நானும் ஒரு மாசமா நம்பிட்டிருந்தேன்" என்றான் பிறகு. "ஒரு சாமானத் திட்டறது சுலபமா இருந்துச்சு." பையில் நாலு சட்டை வைத்துக்கொண்டு, மைல்ஸ் சிட்டியில் இருக்கும் அவன் அக்கா டோர்காஸைக் கூப்பிட்டான். அவள் வந்து அழைத்துப் போனாள். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள்.

எப்போது வருவான் என்று கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இல்லை என்று அவன் சொல்லவில்லை, எனக்கே தோன்றியது.

நேற்று மதியம் போன் அடித்தது. அவன்தான்.

"வியாழக்கெழம பில்லிங்ஸ்ல கண்ணுக்கு அளவு எடுக்கறாங்க" என்றான். "கண்ணாடிக் கண்ணு."

"ம்."

"டோர்காஸுக்கு அன்னைக்கு வேலை இருக்கு. என்னை இன்னும் வண்டி ஓட்ட விடல."

"நான் வர்றேன்."

"ஓட்டறதுக்கு மட்டும்தான் கேக்கறேன், மார்லிஸ்."

"தெரியும்."

"வண்டில அதப் பத்திப் பேசக் கூடாது."

"பேசல."

பிறகு, "உன் தம்பி அந்தச் சாக்கடைத் தண்ணில நின்னானே, கால் எப்படி இருக்குன்னு கேளு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

கேட்டுவிட்டேன். அவனுக்கு என்ன பதில் சொல்ல என்று நீ எழுது. பொய்யாக எதையும் எழுதாதே.

வியாழன் காலை ஏழு மணிக்கு அவன் மைல்ஸ் சிட்டி வாசலில் தயாராக இருப்பானாம். இங்கிருந்து மூன்று மணி நேரப் பாதை, வழியில் பனி விழலாம் என்கிறார்கள். நான் புதன்கிழமையே போய் அந்த ஊரில் எங்காவது தங்கிக்கொள்கிறேன். ஆறு மணிக்கே வண்டியை அந்த வீட்டுக்கு எதிரே நிறுத்தி, உள்ளே சூடாக இருக்கும்படி இஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

மார்லிஸ்